விண்டோஸ் 11: பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது?

(ஜனவரி மாத உறுப்பினர் கூட்டத்தில், நம் சமூகக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத பலர் கேட்டதால் முழுமையாக வெளியிடப்படுகிறது.)



செயலாளர் எனக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். கொடுத்த தலைப்பு, "விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி என்ன?" இந்தத் தலைப்பு வந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நம்மில் பலர் வீட்டில் ஏழெட்டு வருடப் பழைய டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு, அதை வீசிவிட்டுப் புதிது வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று, நம் சங்க அலுவலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டர். அதற்கு இன்றைக்கு நாம் ஒரு முடிவெடுக்க வேண்டும். அதில் பராமரிப்புக் கணக்கு இருக்கிறது, கார்ப்பஸ் நிதியின் வைப்பு விவரம் இருக்கிறது, வாடகைதாரர்களின் ஆதார் நகல்கள் இருக்கின்றன. அந்தப் பெட்டி பழுதானால் ஒருவர் வீட்டோடு போகாது, நூற்றுக்கணக்கான குடும்பங்களின் விஷயம்.

நான் கம்ப்யூட்டர் எஞ்சினியர் இல்லை. வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். அதனால் கணக்குப் பார்க்கும் விதத்தில்தான் இதைச் சொல்லப் போகிறேன்.

முடிந்தது எது, முடியாதது எது

சென்ற ஆண்டு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் எப்போதும்போல ஓடியது. அதனால் பலர், "ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். ஒன்றும் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆகும்.

விண்டோஸ் 7-ஐ நினைத்துப் பாருங்கள். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் நின்றது. அதன் பிறகும் மூன்று வருடம் நம்மில் சிலர் ஓட்டினார்கள். 2023 தொடக்கத்தில் குரோம் பிரவுசர் அதற்குப் புதிய பதிப்பு கொடுப்பதை நிறுத்தியது. அப்போதுதான் ஒவ்வொரு இணையதளமாக மக்கர் செய்ய ஆரம்பித்தது. முதலில் நிற்பது பாதுகாப்பு, அது கண்ணுக்குத் தெரியாது. வசதி கடைசியில்தான் நிற்கும், அது உடனே தெரியும். நாம் வசதி நின்ற பிறகு விழித்துக்கொள்கிறோம். நடுவில் போகும் வருடங்கள்தான் ஆபத்தான வருடங்கள்.

விண்டோஸ் டிஃபெண்டர் என்கிற வைரஸ் தடுப்புக்கு 2028 அக்டோபர் வரை அப்டேட் வரும். அது நல்ல செய்தி. ஆனால் டிஃபெண்டர் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. சுவரில் ஓட்டை விழுந்தால் அதை அடைப்பது அவர் வேலை இல்லை. அடைப்பவர்தான் அக்டோபரோடு வேலையை விட்டுப் போயிருக்கிறார்.

வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு வருட அவகாசம் இருக்கிறது. "எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்ஸ்" என்று பெயர். 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். கம்ப்யூட்டரில் 22எச்2 என்ற கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றும் வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 30 டாலர் கட்டலாம். இன்னும் சேராதவர்கள் இன்று இரவே சேர்ந்துவிடுங்கள். யோசிக்க நேரம் கிடைக்கும்.

ஆனால் இந்தத் திட்டம் தனிநபர்களுக்கானது. நிறுவனங்களுக்கு வேறு வழி, வேறு கட்டணம். முதல் வருடத்துக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர். ஆகவே நம் அலுவலகக் கம்ப்யூட்டர் இந்தச் சலுகையில் வராது. அதற்கு வருகிறேன்.

விண்டோஸ் 11 என்ன கேட்கிறது?

ராம் 4 ஜிபி, இடம் 64 ஜிபி என்று குறைந்தபட்சம் சொல்லியிருக்கிறார்கள். இது பெரிய விஷயமில்லை. பழைய கம்ப்யூட்டரிலும் இருக்கும். தடுப்பது மூன்று விஷயங்கள்.

முதலாவது ப்ராசசர். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை முதல். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். இன்டெல் கோர் ப்ராசசரில் தலைமுறையை நாமே படித்துவிடலாம். ஐ5-7400 என்றால் 7-ஆம் தலைமுறை. ஐ5-8400 என்றால் 8. ஐ3-12100 என்றால் 12. ஏஎம்டியில் கொஞ்சம் கவனம் வேண்டும். 2200ஜி, 2400ஜி இரண்டும் எண்ணில் 2000 வரிசை என்றாலும் உள்ளே இருப்பது முந்தைய வடிவமைப்பு. அவை பட்டியலில் இல்லை. மைக்ரோசாஃப்ட் இணையதளத்தில் முழுப் பட்டியல் இருக்கிறது. பெயரை வைத்து அங்கே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது டிபிஎம் 2.0. ரகசியச் சாவிகளை வைக்கும் சின்ன லாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வாங்க வேண்டும் என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 8-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இது உள்ளேயே இருக்கிறது. பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் 'பிடிடி' என்றும், ஏஎம்டி போர்டில் 'எஃப்டிபிஎம்' என்றும் எழுதியிருக்கும். அதை ஆன் செய்தால் போதும்.

மூன்றாவது செக்யூர் பூட். இதற்குக் கம்ப்யூட்டர் 'யூஇஎஃப்ஐ' முறையில் கிளம்ப வேண்டும். சிலருடையது 'லெகஸி' என்ற பழைய முறையில் நிறுவப்பட்டிருக்கும். அதை அப்படியே பயாஸில் மாற்றினால் விண்டோஸ் கிளம்பாது. டிஸ்கின் அமைப்பை முதலில் மாற்ற வேண்டும். அதற்கு விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. ஆனால் பேக்கப் எடுக்காமல் யாரும் தொடக் கூடாது.

ஒரு தாளில் ஐந்து வரி

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள். இன்றைய பேச்சில் இதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

1. எந்த ஆண்டு வாங்கியது, பிராண்டட் பெட்டியா, அசெம்பிள் செய்ததா.

2. ப்ராசசரின் முழுப் பெயர். தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும் பக்கத்தில் இருக்கும். அதே பக்கத்தில் 'பயாஸ் மோட்' என்ற வரியில் லெகஸியா, யூஇஎஃப்ஐயா என்பதும் தெரியும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. ராம் எத்தனை ஜிபி, என்ன வகை. டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரி வேகம் தெரியும். 1333 அல்லது 1600 என்றால் பெரும்பாலும் டிடிஆர்3. 2133, 2400, 2666 என்றால் பெரும்பாலும் டிடிஆர்4.

4. டிஸ்க் பழைய ஹார்ட் டிஸ்கா, எஸ்எஸ்டியா. அதே இடத்தில் தெரியும்.

5. இந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் உண்மையில் செய்யும் வேலைகள். யூடியூப், மின்னஞ்சல், நெட் பேங்கிங், டேலி, பேரனின் ஆன்லைன் வகுப்பு, எதுவானாலும்.

ஐந்தாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அது இல்லாமல் கடைக்குப் போனால் உங்கள் தேவையை விற்பவர் எழுதுவார்.

மூன்று பிரிவுகள்

தாளைப் பார்த்தால் உங்கள் கம்ப்யூட்டர் மூன்றில் ஒரு பிரிவில் விழும்.

முதல் பிரிவு, ப்ராசசர் பட்டியலில் இருக்கிறது. பெரும்பாலும் 2018-க்குப் பிறகு வாங்கியவை. இவர்களுக்குச் செலவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் ஆன் செய்துவிட்டு, மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டிப் பாருங்கள். பச்சை டிக் வந்தால் விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு இலவசமாகவே மாறலாம். ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தால் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். வேகத்தில் தெரியும் வித்தியாசம் வேறு எந்தப் பாகத்திலும் தெரியாது.

இரண்டாம் பிரிவு, ஒரு பாகம் மாற்றினால் தேறக்கூடியது. முக்கியமாக ஏஎம்டி ரைசன் 1000 வரிசை வைத்திருப்பவர்கள், 2200ஜி, 2400ஜி வைத்திருப்பவர்கள். அவர்களுடைய மதர்போர்டு ஏஎம்4 சாக்கெட். அதே சாக்கெட்டில் ரைசன் 5000 வரை வந்தது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டுக்கான ப்ராசசர் பட்டியலைப் பாருங்கள். இருந்தால் பயாஸை அப்டேட் செய்து, ப்ராசசரை மட்டும் மாற்றினால் முடிந்தது. பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே செயலிழக்கலாம். யூபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்டெல்லில் இந்த வழி கிடையாது. 7-ஆம் தலைமுறைக்கும் 8-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான், 1151. ஆனால் 7-ஆம் தலைமுறைக்கு வந்த போர்டுகள் 8-ஆம் தலைமுறை ப்ராசசரை ஏற்காது. "உட்காருகிறதே சார்" என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

மூன்றாம் பிரிவு, போர்டும் ப்ராசசரும் சேர்ந்து மாற வேண்டியது. 2017-க்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் கம்ப்யூட்டர்கள் இங்கே வரும். பிராண்டட் சின்னப் பெட்டிகளில் போர்டும் பவர் சப்ளையும் அந்தக் கம்பெனியின் தனி அளவில் இருக்கும்; அவற்றில் போர்டு மாற்றுவது பெரும்பாலும் நடக்காது. அசெம்பிள் செய்ததில் நடக்கும்.

வாங்குவதில் ஒரு வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. புதிய கம்ப்யூட்டருக்கும் கூடவே வரக்கூடிய பொருளை முதலில் வாங்குங்கள். எஸ்எஸ்டி, மானிட்டர், யூபிஎஸ் இவை கூட வரும். சாட்டா எஸ்எஸ்டி இன்றைக்குப் பழைய பெட்டியில் ஓடும், நாளைக்குப் புதிய பெட்டியிலும் ஓடும். பழையதோடு முடிந்துபோகும் பொருளில் பணம் போடாதீர்கள். டிடிஆர்3 ராம் அப்படிப்பட்டது; புதிய போர்டு எதிலும் அது பொருந்தாது.

ராம் விலை சென்ற ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவது காரணம். அதனால் டிடிஆர்4 ராம் வைத்திருப்பவர்கள் அதைக் காப்பாற்றப் பாருங்கள். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றுக்கு வாங்கிய ராம் மற்றதில் பொருந்தாது. எச்610 போர்டில் டிடிஆர்4 மாடலாகக் கேட்டு வாங்கினால் பழைய ராம் அப்படியே வரும்.

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. இன்டெல் ப்ராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனால் அதில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டிவரும். மிச்சம் பிடித்ததற்கு மேல் செலவாகும்.

"விண்டோஸ் 12 வரப்போகிறதாமே, அதற்கும் சேர்த்து வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறார்கள். அறிவிக்காத ஒன்றுக்குப் பணம் கட்டாதீர்கள். 'கோபைலட் பிளஸ்' என்று விற்கும் கம்ப்யூட்டர்களில் ஏஐ வேலைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அது சில கூடுதல் வசதிகளுக்கு. விண்டோஸ் 11 ஓடுவதற்கு அது தேவையில்லை. எதிர்காலத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க விரும்பினால், ராமை 16 ஜிபியாக வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் காலத்திலும் வீண் போகாது.

நம் அலுவலகக் கம்ப்யூட்டர்

தாளில் எழுதியதைப் படிக்கிறேன். 2017-ல் அசெம்பிள் செய்தது. ஐ5-7400. டிடிஆர்4 ராம் 8 ஜிபி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10. வேலை: டேலி, எக்செல், வங்கி, நோட்டீஸ் அச்சடிப்பு. டிபிஎம் 2.0 இருந்தும் ப்ராசசர் ஒரு தலைமுறை குறைவு. மூன்றாம் பிரிவு.

மூன்று மாதமாக அது திருத்தம் இல்லாமல் ஓடுகிறது. எனவே முதல் வேண்டுகோள், மாற்றும் வரை அதில் நெட் பேங்கிங் வேண்டாம். கணக்கு எழுதலாம், அச்சடிக்கலாம். பணம் நகரும் வேலை வேண்டாம்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, முழுதாகப் புதிய பிராண்டட் கம்ப்யூட்டர். இன்னொன்று, போர்டு, ப்ராசசர், எஸ்எஸ்டி மட்டும் மாற்றி, கேபினெட், ராம், மானிட்டர், பிரிண்டரை வைத்துக்கொள்வது. இரண்டாவதில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. போர்டை மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிய கம்ப்யூட்டராகத்தான் பார்க்கும். நம் லைசென்ஸ் ரீடெய்ல் வகை என்றால் புதிய போர்டுக்கு மாற்றலாம். ஓஇஎம் வகை என்றால் பழைய போர்டோடு போய்விடும். புதிதாக வாங்க வேண்டும். 2017 பில் ஃபைலை எடுத்துப் பார்த்தால் தெரியும். பவர் சப்ளையும் எட்டு வருடப் பழையது, அதையும் சோதிக்க வேண்டும்.

கொட்டேஷன் வருவதற்கு முன்பே முடிவுக்கு ஒரு விதி வைத்துக்கொள்வோம் என்று முன்மொழிகிறேன். பாகம் மாற்றும் செலவு, அதாவது லைசென்ஸ், பவர் சப்ளை, கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து, உத்தரவாதத்தோடும் விண்டோஸோடும் வரும் புதிய கம்ப்யூட்டர் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருந்தால் பாகம் மாற்றலாம். அதைத் தாண்டினால் புதிது வாங்கலாம். கொட்டேஷன் வந்த பிறகு விதி செய்தால், யாருக்கு எந்தக் கடை பழக்கம் என்ற பேச்சாகிவிடும். கொட்டேஷன் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி விலையோடு, மாடல் எண்ணோடு, மூன்று கடைகளிலிருந்து வரட்டும். "ஃபுல் செட்" என்று ஒரே தொகை எழுதியதை ஏற்க வேண்டாம்.

கை வைப்பதற்கு முன்

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பொதுவாகச் சில முன்வேலைகள்.

கோப்புகளை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஒன்று கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கட்டும். எடுத்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே பேக்கப் ஆனதாகக் கணக்கு.

நம் சங்கத்தின் பழைய தீர்மானங்கள் யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகல் எடுக்காவிட்டால், புதிய கம்ப்யூட்டரில் தீர்மானம் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும்.

பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஜீவன் பிரமாணுக்கான கைரேகைக் கருவி ஆகியவற்றுக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள்.

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை நிறுவ இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். புதிதாக நிறுவும்போது டிஸ்க் தானாகவே பூட்டப்படலாம். அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி உண்டு. அது அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். கணக்கு மகன் பெயரில் இருந்து, மகன் அமெரிக்காவில் இருந்து, இங்கே கம்ப்யூட்டர் சாவி கேட்டால் என்ன செய்வீர்கள்? கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

கேட்கப்பட்ட சில கேள்விகள்

'பி' பிளாக்கிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "தெரிந்த பையன் ஒருவன் பழைய கம்ப்யூட்டரிலேயே விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்கிறான். செய்யலாமா?" சோதனையைத் தாண்டிப் போடும் வழிகள் இருக்கின்றன, அம்மா. ஆனால் அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. 24எச்2 பதிப்பிலிருந்து மிகப் பழைய சில ப்ராசசர்களில் கிளம்பவே கிளம்பாது. நாம் மாறுவதே அப்டேட்டுக்காக. அது நிச்சயமில்லாத வழியில் எதற்கு மாற வேண்டும்?

இன்னொரு நண்பர் கேட்டார்: "எனக்கு யூடியூபும் மின்னஞ்சலும் போதும். செலவே செய்ய முடியாது." உங்களுக்கு லினக்ஸ் இருக்கிறது, சார். லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டும் இலவசம், பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் நிறுவலாம். டேலியும் சில டோக்கன்களும் அதில் ஒத்துவராது. அந்த வேலை இல்லாதவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

"பழைய பெட்டியை என்ன செய்வது?" என்று கேட்டார்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்கு யூஎஸ்பி உறை ஒன்று வாங்கினால் பேக்கப் டிஸ்க் ஆகிவிடும். மற்றதைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல், அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். ஐந்தாறு வீடுகள் சேர்ந்தால் சங்கமே ஏற்பாடு செய்யலாம்.

நண்பர்களே, அக்டோபர் 13-க்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கடைசி வாரத்தில் வாங்குபவர் கடைக்காரர் சொல்லும் விலைக்கு வாங்குவார். ஐந்து வரித் தாள் அலுவலகத்தில் அச்சடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துப்போய் நிரப்பி வாருங்கள். ஞாயிறு காலை 10 மணி முதல் 12 மணி வரை நான் இங்கே இருப்பேன். உங்கள் கம்ப்யூட்டர் எந்தப் பிரிவு என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.